இரண்டு கடல், ஒரு பேப்பர்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். வடக்கே பாக் விரிகுடா, பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குள் அடங்கும், சேறும் கடற்புல்லுமான கடல். தெற்கே மன்னார் வளைகுடா, பவளப்பாறை சூழ்ந்த 21 தீவுகள். ஐப்பசி கார்த்திகையில் வாடை வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆனி ஆடியில் அப்படியே தலைகீழ். கடல் உயிரியலில் பிஎச்.டி. சேர்ந்து இந்தக் கரைக்கு வரும் மாணவருக்கு முதலில் தோன்றும் தலைப்பும் இதுதான்: இரண்டு கடலையும் ஒப்பிட்டு ஒரு பேப்பர். அருமையான தலைப்பு. சறுக்குவதும் இதில்தான்.

சறுக்குவதற்குக் காரணம் ஆங்கிலம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. தண்ணீரில் இறங்கி, மாதிரி எண்ணும் சதுரச் சட்டத்தை வைத்த அன்றே அந்தப் பேப்பரின் விதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். கடற்புல் ஆய்வில் பலரும் பின்பற்றும் முறை இது: ஓரிடத்தில் 50 மீட்டர் டேப்பை 25 மீட்டர் இடைவெளி விட்டு மூன்று வரிசையாக விரிப்பார்கள். ஒவ்வொரு டேப்பிலும் 0 முதல் 50 வரை 5 மீட்டருக்கு ஒரு குவாட்ராட், அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம். டேப்புக்கு 11, இடத்துக்கு 33. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் வடக்கு என்று மூன்று இடம் பார்த்தால் 99. தெற்கே வேதாளை, பெரியபட்டினம், ஏர்வாடி என்று இன்னொரு 99. இந்த 198 எண்களையும் அப்படியே மென்பொருளில் கொட்டி, இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (சுதந்திரமான தகவல்களின் எண்ணிக்கை) 196 வரும், பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இப்படி வருவதற்கான வாய்ப்பு) எளிதாக 0.001-க்குக் கீழே போய்விடும், மனம் குளிரும். ஆய்விதழுக்காகப் பேப்பரைப் படித்துக் கருத்துச் சொல்லும் விவரம் தெரிந்த மதிப்பாய்வாளர் அந்த 196 என்ற எண்ணிலேயே நின்றுவிடுவார்.

ஒரே புல்வெளியில் ஐந்தைந்து மீட்டர் தள்ளி வைத்த சட்டங்கள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். ஒன்றில் புல் அடர்த்தியாக இருந்தால் பக்கத்திலும் அப்படியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கடலோடு கடலை ஒப்பிடும்போது சுதந்திரமான சாட்சி இடம்தானே தவிரச் சட்டம் அல்ல. ஆக எண்ணிக்கை 99-க்கு 99 இல்லை, 3-க்கு 3. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 4. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இதற்கு சூடோரெப்ளிகேஷன், அதாவது போலி மறுமாதிரி, என்று பெயர் வைத்தார். நாற்பது ஆண்டு தாண்டியும் களச் சூழலியல் கட்டுரைகள் திரும்பி வரும் முக்கியக் காரணங்களில் அது ஒன்றாகவே இருக்கிறது.

கடலில் இறங்குவதற்கு முன் தெரிந்தால் மருந்து மலிவு. ஒரு கடலுக்கு 9 டேப் விரிக்கத்தான் தெம்பு இருக்கிறது என்றால், 3 இடத்தில் மூன்று மூன்றாக விரிக்காமல் 9 இடத்தில் ஒவ்வொன்றாக விரிக்கலாம். உழைப்பு கிட்டத்தட்ட அதே, எண்ணிக்கை 3-லிருந்து 9 ஆகிறது. படகு வாடகை கூடும், உண்மைதான். அதை ஈடுகட்டச் சட்டங்களைக் குறையுங்கள், இடங்களைக் குறைக்காதீர்கள். தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறது, இனி மாற்ற முடியாது என்றால் இரண்டு வழி. இடவாரியாகச் சராசரி எடுத்து அந்தச் சராசரிகளை மட்டும் ஒப்பிடலாம். அல்லது இடத்தையும் டேப்பையும் ரேண்டம் எஃபெக்ட்டாக வைத்து மிக்ஸட் மாடல் ஓட்டலாம்; ஒரே இடத்து எண்கள் ஒன்றுக்கொன்று உறவானவை என்பதை அது கணக்கில் எடுக்கும். மூன்றே இடம் என்றால் மாடலும் பெரிதாகக் காப்பாற்றாது. அப்போது பேப்பரின் குரலைத் தாழ்த்த வேண்டும்: ‘கலங்கல் கடலில் இனங்கள் குறைவு’ என்று உலகத்துக்குச் சொல்லாமல், ‘இந்த ஆறு இடங்களில் இப்படி இருந்தது’ என்று சொல்லலாம். அதுவும் வெளியாகத் தகுந்த பேப்பர்தான். பாக் விரிகுடா உலகத்தில் ஒன்றே ஒன்று. எத்தனை இடம் அளந்தாலும் அது கலங்கல் கடல்கள் எல்லாவற்றுக்கும் பிரதிநிதி ஆகாது.

இங்கே இன்னொரு வலுவான வழி இருக்கிறது, இந்தக் கரைக்கே உரியது. இரண்டு கடலையும் இரண்டு காற்றுக்காலத்திலும் அளப்பது. வேறுபாடு கடலால் மட்டும் வருவது என்றால் காற்று மாறினாலும் அது அப்படியே நிற்கும். அலையால் வருவது என்றால் காற்று மாறும்போது புரளும். அந்தப் புரளலைப் பிடித்துவிட்டால் எந்த எடிட்டரும் இரண்டாம் பத்தி வரை வந்து பார்ப்பார். ஆனால் ஓராண்டு அளந்தால் ஒரு வாடைக்காலம்தான் கிடைக்கும். பருவத்தைப் பற்றிப் பேச குறைந்தது இரண்டு ஆண்டு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி. காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. கோர்ஸ் ஒர்க் முடியட்டும் என்று முதல் வாடைக்காலத்தை விட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் அதைத் தேடுகிறார்கள்.

பேப்பருக்குத் தேவைப்படும், ஆனால் பிறகு வாங்க முடியாத பொருட்கள் சில உண்டு. முதலாவது அனுமதி. தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை போன்றவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. வலையில் தானாக வந்து செத்துக் கிடந்தாலும் எடுத்துவரக் கூடாது. ஆய்விதழ்கள் அனுமதி எண்ணைக் கேட்கும். மாதிரி எடுத்த தேதி அனுமதித் தேதிக்கு முன்னால் இருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. இரண்டாவது, மனிதர்களிடம் பேட்டி எடுக்கும் ஆய்வுக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். பாசி எடுக்கும் பெண்களிடம் வருமானம், உடல்நலம், கடலில் கண்ட மாற்றம் என்று கேட்கத் திட்டமிருந்தால் முதல் கேள்விக்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும். பின்தேதியிட்டு யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் அது கெடுத்த பேப்பர்கள் ஏராளம்: பாட்டிலில் எதை ஊற்றினீர்கள்? உருவ ஆய்வுக்குப் பழக்கப்படி 4 அல்லது 5 விழுக்காடு ஃபார்மலின் ஊற்றிவிடுவார்கள். அடுத்த ஆண்டு டிஎன்ஏ பார்க்கலாம் என்று தோன்றும்போது ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்திருக்கும். முதல் நாளே ஒவ்வொரு மாதிரியிலும் சிறு துண்டைத் தனியாக 95 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள எத்தனாலில் போட்டு, முதல் சில நாளில் ஒருமுறை எத்தனாலை மாற்றிவிடுங்கள். திசுவிலிருக்கும் நீர் எத்தனாலை நீர்த்துப்போகச் செய்யும். லேபிளைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும், வெளியே ஒட்டியது உரிந்துவிடும்.

மீன் வரத்தை வைத்து எழுதுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. போதாததற்கு பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் முறைநாள் உண்டு. விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மாத வரத்தை 30-ஆல் வகுத்து ‘ஒரு நாள் பிடிப்பு’ என்று எழுதினால் எண் பாதிக்கும் கீழே போய்விடும். வகுக்க வேண்டியது உண்மையில் தொழிலுக்குப் போன நாட்களால். போன படகுகளின் எண்ணிக்கையும் சேர்ந்தால்தான் முயற்சிக்கான பிடிப்பு என்ற சொல்லுக்கே பொருள் வரும். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் காரணமாகக் கடலுக்குப் போகாத நாட்களையும் நோட்டில் குறித்து வையுங்கள். நார்வேயிலோ பிரேசிலிலோ இருக்கும் மதிப்பாய்வாளருக்கு முறைநாள் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. செய்முறைப் பகுதியில் மூன்று வரியில் சொல்லிவிட்டால், உங்கள் வரைபடத்தில் மே மாதம் ஏன் காலியாக இருக்கிறது என்ற கேள்வி எழாது.

உள்ளூர்ப் பெயர்களும் தரவுதான். மரிக்கொழுந்துப் பாசி என்றால் ஜெலிடியெல்லா அசெரோசா, கஞ்சிப்பாசி என்றால் கிராசிலேரியா எடுலிஸ். பேட்டியில் வந்த பெயரை அப்படியே ஒலிபெயர்த்து, மாதிரியைக் கையில் வைத்து அடையாளம் கண்ட அறிவியல் பெயரோடு இணைத்து ஓர் அட்டவணை போடுங்கள். ஒரே பெயர் இரண்டு ஊரில் இரண்டு பாசியைக் குறிக்கலாம், ஆகவே ஊரையும் குறியுங்கள். அறிவியல் பெயரை அனுப்புகிற வாரத்தில், பாசிப் பெயர்களுக்கான ஆல்கிபேஸிலோ கடல் உயிரினப் பெயர்களுக்கான வோர்ம்ஸ் தளத்திலோ இன்னொரு முறை சரிபாருங்கள், பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தமிழ்க் கேள்வித்தாளையே துணைக்கோப்பாக இணைக்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் இருந்தால், அந்தப் பெண்களிடம் உண்மையில் என்ன கேட்கப்பட்டது என்று யாராலும் சோதிக்க முடியாது.

இடங்களை எழுதும்போது ஒரு பொறுப்பு இருக்கிறது. கடல் அட்டை மண்டிய இடம், கடல் குதிரை கிடைத்த புல்திட்டு, ஆவுளியா (கடற்பசு) மேய்ந்த தடம் ஆகியவற்றின் ஆயத்தொலைவை ஐந்து தசமம் வரை அச்சிட்டால் அது திருடனுக்கு வழிகாட்டிப் பலகை. இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மங்கல் கிடைக்கும். துல்லியமான எண் வனத்துறைக்கும் எடிட்டர் கேட்டால் அவருக்கும் மட்டும் போகட்டும். காரணத்தைப் பேப்பரிலேயே எழுதுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி எழுத்து. தீசிஸின் ஓர் அத்தியாயத்தை வெட்டி ஒட்டினால் பேப்பர் ஆகாது. அத்தியாயம் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லும், பேப்பர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். ஆகவே படங்களிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கேள்விக்கு எந்த நான்கு படம், எந்த இரண்டு அட்டவணை தேவை என்று மேசையில் பரப்பி வையுங்கள். கேள்விக்கு உதவாத உப்புத்தன்மை வரைபடம் எவ்வளவு பாடுபட்டு எடுத்ததாக இருந்தாலும் துணைக்கோப்புக்குப் போகட்டும். பிறகு முடிவுகள், செய்முறை, விவாதம், அதற்குப் பிறகு முன்னுரை, கடைசியில் சுருக்கம்.

முன்னுரையில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். ‘கடல் பூமியின் 71 விழுக்காட்டை மூடியிருக்கிறது’ என்று தொடங்கி, இந்தியக் கடற்கரையின் நீளத்தைச் சொல்லி, மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989-இல் அறிவிக்கப்பட்டதைச் சொல்லி, மூன்றாம் பக்கத்தில் ‘இப்பகுதியில் இதுவரை இப்படி ஓர் ஆய்வு இல்லை’ என்று முடிப்பார்கள். இங்கே இல்லை என்பது ஒரு காரணமே அல்ல. செய்யப்படாத ஆய்வுகள் ஒவ்வொரு கரைக்கும் ஆயிரம் இருக்கும். அந்தக் கேள்விக்கு ஏன் இந்தக் கரைதான் பதில் சொல்ல முடியும் என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் தமிழில் நான்கு வரி எழுதிப் பாருங்கள், இப்படி:

“காற்றுக்காலத்தில் கடற்புல் மெலிகிறது. ஆனால் பல கரைகளில் அலையும் மழையும் ஒரே நேரத்தில் வருவதால், மெலிவது எதனால் என்று பிரிக்க முடிவதில்லை. ராமநாதபுரத்தில் வடகடல் மழைக்காலத்தில் கொந்தளிக்கிறது, தென்கடல் மழையில்லாக் காலத்தில் கொந்தளிக்கிறது. எனவே இரண்டு கடலையும் இரண்டு காலத்திலும் இரண்டு ஆண்டு அளந்தோம்.”

முன்னுரையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். தெரிந்தது, தெரியாதது, ஏன் இங்கே, என்ன செய்தோம். தமிழில் இந்த நான்கு வரி வரவில்லை என்றால் ஆங்கிலத்திலும் வராது. சிக்கல் மொழியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. வந்துவிட்டால் ஒவ்வொரு வரியையும் சான்றுகளோடு ஒரு பத்தியாக விரித்தால் முன்னுரை முடிந்தது. சான்று தேடும்போது இந்தக் கரையின் பழைய எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கி, 1971-இல் கொச்சிக்குத் தலைமையகம் மாறும்வரை பெரும்பாலும் மண்டபம் முகாமிலிருந்துதான் இயங்கியது. இந்தியக் கடல் உயிரியல் சங்கமும் இங்கேதான் 1958-இல் உருவாகி, அடுத்த ஆண்டு முதல் தன் ஆய்விதழைக் கொண்டுவருகிறது. அறுபது ஆண்டுக்கு முந்தைய வெப்பநிலை, உப்புத்தன்மை, உயிரினப் பட்டியல்கள் அந்தத் தொகுதிகளில் கிடக்கின்றன, நிலையத்தின் இணையக் காப்பகத்தில் இலவசமாகப் படிக்கலாம். இப்போதைய அளவை அவற்றோடு வைத்துப் பார்க்கும் ஒரு படம் போதும், பேப்பரின் எடை கூடிவிடும்.

எந்த ஆய்விதழ் என்பதை எழுதி முடித்த பிறகு யோசிப்பது தாமதம். உங்கள் சான்றுப் பட்டியலில் அதிகம் வரும் மூன்று ஆய்விதழ்கள் எவை என்று எண்ணுங்கள். உங்களோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். விதிகளும் மாறியிருக்கின்றன. ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு பேப்பர் கட்டாயம் என்பதை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம். பதிவு செய்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள், சீனியர் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி நல்லது கெட்டது பார்ப்பது மாணவர், கைடு, நிறுவனம் மூவரின் பொறுப்பு. அதற்கு முன்பே 2018-இல் யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை ஒரேயடியாக நீக்கியது நினைவிருக்கட்டும்.

போலியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. உங்களைப் புகழ்ந்து மின்னஞ்சல் அனுப்பி, மூன்று நாளில் மதிப்பாய்வு முடியும் என்று சொல்லி, சில ஆயிரம் ரூபாயை ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச் சான்று அல்ல, அது வெறும் அடையாள எண். இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் எண் இம்பாக்ட் ஃபேக்டர்; ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ என்று தொடங்கும் இம்பாக்ட் ஃபேக்டர் எதற்கும் மதிப்பில்லை. அந்தப் பெயருக்கு உரியது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் எண் மட்டும். இன்னும் ஆபத்தானது உண்மையான ஆய்விதழின் பெயரிலேயே நடக்கும் நகல் தளம். கூகுளில் தேடி முதலில் வரும் முகவரிக்குப் போகாமல், ஆய்விதழ்த் தரவுத்தளமான ஸ்கோப்பஸின் பட்டியலிலோ ஐஎஸ்எஸ்என் தளத்திலோ இருக்கும் முகவரி வழியாகப் போங்கள். பழைய இதழில் ஒரு கட்டுரையின் டிஓஐயை (கட்டுரைக்குரிய நிரந்தர இணைய எண்) டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள், அது அதே கட்டுரைக்குத்தான் போகிறதா என்று.

பணம் கட்டித்தான் நல்ல இதழில் போட முடியும் என்ற எண்ணம் தவறு. பல இதழ்கள் சந்தா முறையையும் வைத்திருக்கின்றன. ஏற்றுக்கொண்ட பிறகு வரும் படிவத்தில், யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்கத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கட்டணம் இல்லை. முழுக்கத் திறந்த இதழ் என்றால் தள்ளுபடியை அனுப்பும்போதே கேளுங்கள், ஏற்ற பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. பதிப்பகங்களின் தானியங்கி முழுத் தள்ளுபடி நாடுகளின் வரிசையில் இந்தியா பொதுவாக வருவதில்லை.

அனுப்பியாயிற்று. எடிட்டர் மதிப்பாய்வுக்கு அனுப்பாமலே சில நாளில் திருப்பினால் துவண்டுபோக வேண்டாம்; அது பெரும்பாலும் இதழ் எடுத்துக்கொள்ளும் பொருளின் எல்லையைப் பற்றிய தீர்ப்பு. மதிப்பாய்வுக்குப் போனால் மாதக்கணக்கில் ஆகும். மூன்று மாதம் தாண்டினால் மரியாதையாக இரண்டு வரி கேட்கலாம். பொறுமை இழந்து இன்னோர் இதழுக்கும் அனுப்புவது மட்டும் கூடவே கூடாது.

‘மேஜர் ரிவிஷன்’, அதாவது பெரிய திருத்தம் தேவை, என்று வந்தால் அது நல்ல செய்தி. பதிலை இப்படித் தயாரியுங்கள்: மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு வாக்கியத்தையும் நகலெடுத்து வரிசை எண் கொடுத்து, அதன் கீழே உங்கள் பதில், அதன் கீழே மாற்றிய வரிகளின் எண். ‘குவாட்ராட்டுகளைத் தனித்தனி மாதிரியாக எடுத்தது ஏற்புடையதல்ல’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் இப்படி இருக்கலாம்: “சரியான கேள்வி. 198 குவாட்ராட்டை வைத்துச் செய்த பகுப்பாய்வை நீக்கிவிட்டோம். இடவாரிச் சராசரியில் மீண்டும் கணக்கிட்டோம், பக்கம் 9, வரி 212 முதல் 226. கடல்களுக்கிடையே வேறுபாட்டின் திசை மாறவில்லை, ஆனால் உறுதி குறைந்தது. அதனால் சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தையும் திருத்தினோம், வரி 31.” நன்றிப் புராணமோ வாதமோ இதில் இல்லை. தன் கேள்வி பேப்பரில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று மதிப்பாய்வாளரால் ஒரு நிமிடத்தில் பார்க்க முடிகிறது. அவர் சொன்னது தவறு என்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, சான்று காட்டி மறுக்கலாம். அவர் அப்படிப் புரிந்துகொண்டதற்குக் காரணமான உங்கள் வாக்கியத்தை மட்டும் தெளிவாக்குங்கள். நிராகரித்தாலும் குறிப்புகளைச் சரிசெய்யாமல் அடுத்த இதழுக்கு அனுப்பாதீர்கள். நம் துறை சின்னது, அதே மதிப்பாய்வாளரிடமே போய்ச் சேரலாம்.

ஏற்றுக்கொண்டதும் அச்சுப்படி வரும், திருத்த இரண்டு நாள் போலத்தான் தருவார்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பெயர். நம் பெயரில் முன்னால் நிற்பது அப்பா பெயரின் எழுத்து. இதழ்களின் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஒரு பேப்பரில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, அடுத்ததில் சொந்தப் பெயரை ஆக்கி, திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றினால் தரவுத்தளங்களில் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். முதல் பேப்பருக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண் வாங்கி, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். பிறகு இனப்பெயர்களின் எழுத்தும் சாய்வும், அனுமதி எண், படங்களின் அளவுகோல், நன்றியுரையில் படகோட்டியின் பெயர். பெயர் போடலாமா என்று அவரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். கடைசியாக, இதழ் ஏற்றுக்கொண்ட வேர்ட் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். அச்சான பிடிஎஃபைப் பொதுவெளியில் வைக்க அனுமதிக்காத பதிப்பகங்களும் ஏற்கப்பட்ட கைப்பிரதியை, சில சமயம் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, நிறுவனக் காப்பகத்தில் வைக்க விடுகின்றன. அடுத்த ஆண்டு தொண்டியில் டேப்போடு இறங்கும் மாணவருக்கு எந்தச் சந்தாவும் இல்லாமல் அது கிடைக்கும்.